லண்டனில் கிழக்கே போகும் ரயில்

லண்டனில் மாநாடு என்று விமான டிக்கெட் உறுதியான அன்றே வீட்டில் எழும் முதல் கேள்வி, ‘என்னென்ன பார்க்கப் போறீங்க?’ என்பதுதான். பதிலும் தயாராக இருக்கும். பிக் பென், லண்டன் ஐ ராட்டினம், டவர் பிரிட்ஜ், பக்கிங்ஹாம் அரண்மனை, மெழுகுச் சிலை அருங்காட்சியகம். இந்தப் பட்டியலை யாரும் உட்கார்ந்து யோசித்துத் தயாரிப்பதில்லை. சினிமாப் பாட்டுகளும், முன்பே போய் வந்த உறவினர்களின் வாட்ஸ்அப் படங்களும் சேர்ந்து எழுதிக் கொடுத்துவிட்ட பட்டியல் அது.

நேரமோ மிகக் குறைவு. மூன்று நாள் மாநாட்டில், கட்டுரை வாசிப்பு, விருந்து, கைகுலுக்கல் எல்லாம் போகக் கையில் மிஞ்சுவது ஒரு பிற்பகல். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு முழுப் பகல். சுற்றுலாத் துறையினர் கூடும் பெரிய கண்காட்சி நடப்பது நவம்பரில். அந்த மாதம் லண்டனில் மாலை நாலரை மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்புகிறவருக்கு வெளிச்சத்தில் கிடைப்பது இரண்டு மணி நேரம்தான். அந்த இரண்டு மணி நேரத்தை எங்கே செலவிடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இன்று லண்டனின் பெரிய மாநாடுகளும் கண்காட்சிகளும் நடக்கும் இடங்களில் முக்கியமானது எக்ஸெல் அரங்கம். நகரின் கிழக்கே, ராயல் விக்டோரியா துறைமுகக் கரையில், 2000-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 2009-இல் ஜி-20 நாடுகளின் தலைவர்கள் கூடியதும் இங்கேதான். பக்கத்திலேயே கஸ்டம் ஹவுஸ் ரயில் நிலையம். 2022 மே மாதம் எலிசபெத் பாதை திறந்த பிறகு, அங்கே ரயில் ஏறினால் கால் மணி நேரம் சொச்சத்தில் ஆக்ஸ்போர்டு தெருவின் வாசலில் இறங்கிவிடலாம். மாநாட்டுக் கூட்டம் மொத்தமும் அந்த மேற்கே போகும் ரயிலைத்தான் பிடிக்கிறது. இருட்டிய பிறகு பாலத்தின் முன் நின்று படம், கடைவீதியில் சாக்லேட், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் காந்த பொம்மை, ஒன்பது மணிக்கு ஓட்டல். மறுநாள் விமானம்.

அவர்கள் விட்டுவிட்டுப் போவது, அரங்கின் முதுகுக்குப் பின்னால், நடந்தோ சில நிறுத்தங்கள் ரயிலேறியோ போகக்கூடிய தூரத்தில் கிடக்கிறது.

எக்ஸெலின் மேற்கு வாசலுக்கு வெளியே மூன்று துறைமுகத் தொழிலாளர்களின் வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. சரக்கைக் கையாளும் பாவனையில் மூன்று உடல்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் காப்பிக் குவளையோடு ஆயிரக்கணக்கானோர் தினமும் அவற்றைத் தாண்டிப் போகிறார்கள். நின்று பார்க்கிறவர் குறைவு. அரங்கம் நிற்கும் மண்ணின் கதை அந்த மூன்று உருவங்களில் இருக்கிறது. ராயல் விக்டோரியா துறைமுகம் 1855-இல் வந்தது, ராயல் ஆல்பர்ட் 1880-இல், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரிலானது 1921-இல். மூன்றும் சேர்ந்து ஒரு காலத்தில் சாம்ராஜ்யத்தின் வயிற்றை நிரப்பின. கன்டெய்னர் கப்பல்கள் பெருத்தபோது அவற்றால் இங்கே நுழைய முடியவில்லை; வியாபாரம் ஆற்றின் முகத்துவாரப் பக்கம் போய்விட்டது. 1981-இல் கடைசிக் கதவும் மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாகச் சுமை இறக்கிய குடும்பங்கள் வேலை இழந்தன. பழைய பாரந்தூக்கிகள் சில மட்டும் அழகுக்காகக் கரையோரம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன.

டி.எல்.ஆர். எனப்படும் சிறிய ரயிலில் ஓட்டுநர் அறை கிடையாது. முன் கண்ணாடியை ஒட்டியே உட்கார்ந்துகொள்ளலாம். கஸ்டம் ஹவுஸில் ஏறினால் மூன்றாவது நிறுத்தத்தின் பெயர் ‘ஈஸ்ட் இந்தியா’. நம் சரித்திரப் பாடத்தில் பக்கம் பக்கமாகப் படித்த கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களுக்காக 1806-இல் கட்டிய துறை இருந்த இடம். இறங்கி நடந்தால் தெருப் பெயர்கள் வரவேற்கும்: கிராம்புப் பிறை, ஜாதிக்காய்ச் சந்து, குங்குமப்பூ அவென்யூ, கொத்தமல்லி அவென்யூ. அலுவலகக் கட்டடங்களும் அடுக்ககங்களும் சூழ்ந்த, வாசனையே இல்லாத தெருக்கள்தான். ஆனாலும் பழைய துறையின் மதில் துண்டுகள் இன்னும் நிற்கின்றன. படகுகள் காத்திருந்த நீர்த்தேக்கம் இப்போது பறவைகள் வந்துபோகும் சிறு சரணாலயம்.

1600-இன் கடைசி நாளில் பிறந்த அந்தக் கம்பெனி, 1639-இல் சென்னைப் பட்டினத்தில் மணல்மேட்டை வாங்கியது துணிக்காகத்தான். சோழமண்டலக் கரையின் சாயத் துணி லண்டன் பெண்களுக்கு அப்படிப் பிடித்துப்போனது. பிழைப்புப் போன உள்ளூர் நெசவாளர்கள் 1719-இல் தெருவில் இறங்கி, அச்சிட்ட பருத்தி உடுத்திய பெண்களின் ஆடையைக் கிழித்தார்கள். அந்த நெசவாளர்கள் குடியிருந்த ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸும் இதே கிழக்கு லண்டனில்தான் இருக்கிறது. 1700-இல் ஒரு சட்டமும் 1721-இல் இன்னொரு சட்டமும் போட்டு அந்தத் துணியைத் தடுத்தார்கள். ஒரு ஊர் நெசவாளியின் உழைப்பு இன்னொரு ஊர் நெசவாளியின் அடுப்பை அணைத்த கதை அது. இருநூறு ஆண்டு கழித்து அதே கதை திசை மாறித் திரும்பி வந்தது. அதைச் சொல்ல ஒரு மாநாட்டுப் பிரதிநிதியிடம் போக வேண்டும்.

வட்டமேசை மாநாடு பற்றி வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது அமர்வுக்குக் காங்கிரஸின் ஒரே பிரதிநிதியாகக் காந்தி லண்டன் வந்து சேர்ந்தது 1931 செப்டம்பர் 12. கூட்டம் நடந்தது நகரின் மேற்கே, செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில். பிரதிநிதிகள் பெரும்பாலும் அதன் அருகிலேயே வசதியான ஓட்டல்களில் தங்கினார்கள். காந்தி தங்கியது எட்டுக் கிலோமீட்டர் கிழக்கே, போ பகுதியின் பாவிஸ் ரோட்டில் இருக்கும் கிங்ஸ்லி ஹாலில். மியூரியல் லெஸ்டர் என்ற சமூக ஊழியர் தங்கையோடு சேர்ந்து ஏழைத் தொழிலாளர்களுக்காக நடத்திவந்த இல்லம் அது. 1926-இல் அவர் இந்தியா வந்து காந்தியின் ஆசிரமத்தில் தங்கிப்போனவர். இங்கே காந்திக்குக் கொடுத்தது மொட்டை மாடியில் ஒரு சின்னஞ்சிறு அறை.

இவ்வளவு தொலைவில் தங்கினால் யார் வந்து பார்ப்பார்கள், நேரம் எல்லாம் பயணத்திலேயே போய்விடுமே என்று நண்பர்கள் வற்புறுத்தினார்கள். நைட்ஸ்பிரிட்ஜில் 88-ஆம் எண் வீட்டை அலுவலகமாக ஏற்பாடு செய்தார்கள். பகலில் அங்கே வந்தவர்களைப் பார்த்தார். தூங்க மட்டும் எவ்வளவு நேரமானாலும் கிழக்கு லண்டனுக்கே திரும்பினார். விடியற்காலைப் பிரார்த்தனை முடிந்ததும் அந்தப் பகுதித் தெருக்களில் வேகநடை. கதவைத் திறந்து பார்த்த தொழிலாளர் குடும்பங்கள், பின்னாலேயே ஓடிவந்த பிள்ளைகள். அவர்களுக்கு அவர் ‘அங்கிள் காந்தி’. அக்டோபர் 2 பிறந்த நாளுக்கு அந்தப் பிள்ளைகள் கொடுத்த பரிசுகளில் கம்பளி நாய்ப் பொம்மைகளும் இளஞ்சிவப்பு மெழுகுவத்திகளும் இருந்தன.

லண்டனை அவர் இருபது வயதுக்குள்ளேயே பார்த்தவர். 1888 முதல் 1891 வரை சட்டம் படித்தபோது மேற்கு லண்டனில் அறை எடுத்துத் தங்கி, சைவச் சாப்பாட்டுக் கடை தேடி மைல் கணக்கில் நடந்தவர். 62-ஆவது வயதில் திரும்பி வந்தபோது அவர் பார்க்க விரும்பிய லண்டன் வேறு. மாநாட்டு மேசையில் கிடைக்காத ஒன்றைத் தெருவில் தேடினார் என்றே சொல்ல வேண்டும்.

எக்ஸெலிலிருந்து இரண்டாவது நிறுத்தம் கேனிங் டவுன். அங்கே பெக்டன் ரோட்டில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துவந்த இந்திய மருத்துவர் சுனிலால் கத்தியால் வீட்டில், 1931 செப்டம்பர் 22 மாலை, காந்தியைப் பார்க்க சார்லி சாப்ளின் வந்தார். தெரு கொள்ளாத கூட்டம். தெற்கு லண்டனின் வறுமையிலிருந்து கிளம்பி உலகப் புகழை எட்டியிருந்த சாப்ளின், இயந்திரங்கள் மேல் ஏன் இந்த வெறுப்பு என்று கேட்டார். இயந்திரத்தோடு தனக்குப் பகை இல்லை, இந்தியாவைத் துணிக்காக இங்கிலாந்தைச் சார்ந்திருக்க வைத்ததுதான் பிரச்சினை என்கிற பொருளில் காந்தி விளக்கம் தந்தார். இந்த உரையாடலைச் சாப்ளினே தன் சுயசரிதையில் விரிவாக எழுதியிருக்கிறார். எந்திரத்தின் பற்சக்கரத்துக்குள் ஒரு தொழிலாளி சிக்கும் ‘மாடர்ன் டைம்ஸ்’ படம் வெளிவந்தது 1936-இல்.

மதுரைக்காரர்கள் அந்தத் தேதியைக் கவனித்திருப்பார்கள். சரியாகப் பத்தாண்டு முன்பு, 1921 செப்டம்பர் 22 அன்றுதான் மேலமாசி வீதி வீட்டில் காந்தி சட்டையையும் தொப்பியையும் களைந்து அரைவேட்டிக்கு மாறினார். நம் ஊர் ஏழை விவசாயியைப் பார்த்து உடுத்திய அந்த உடையோடுதான் கேனிங் டவுன் படியேறினார். நவம்பர் 5 அன்று பக்கிங்ஹாம் அரண்மனைத் தேநீர் விருந்துக்கும் அதே உடையில்தான் போனார்.

1931 செப்டம்பர் கடைசி வாரத்தில் கிடைத்த ஓய்வு நாட்களை அவர் செலவிட்ட விதம் இன்னும் துணிச்சலானது. லண்டனை விட்டு லங்காஷயர் மில் ஊர்களுக்கு ரயில் ஏறினார். அவர் நடத்திய அந்நியத் துணிப் புறக்கணிப்பால் ஆர்டர் இழந்து, வேலை இழந்து நின்றவர்கள் வாழ்ந்த ஊர்கள் அவை. டார்வென் ஊரில் மில் பெண்கள் அவரைச் சுற்றி நின்று கையை உயர்த்தி ஆரவாரம் செய்யும் புகைப்படம் உலகப் பிரசித்தம். அவர் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. வேலையில்லாதவர்களின் துயரத்தைக் கேட்டார், இந்தியக் கிராமத்தின் வறுமையை அவர்களிடம் சொன்னார். தன் கொள்கையால் அடிபட்டவர்களின் முகத்தைத் தேடிப் போய்ப் பார்த்த மாநாட்டுப் பிரதிநிதி அவர். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளியின் கோபத்துக்கும் டார்வென் பெண்களின் ஆரவாரத்துக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் அந்த ஒரு பயணம்தான்.

மாநாடு டிசம்பர் 1 அன்று உடன்பாடு ஏதுமின்றி முடிந்தது. டிசம்பர் 5 அன்று காந்தி லண்டனை விட்டுக் கிளம்பினார். பாதுகாப்புக்கு அமர்த்தப்பட்டிருந்த ஸ்காட்லாந்து யார்டு காவலர்கள் இருவரும் அவரோடு இத்தாலியின் பிரிண்டிசி துறைமுகம் வரை வந்து வழியனுப்பினார்கள். ஊர் போன பிறகு அவர்களுக்குக் கைக்கடிகாரங்கள் வாங்கி அனுப்பி வைத்தார். 1932 ஜனவரி 4-ஆம் தேதி அவர் கைதாகிவிட்டார். மாநாட்டு நடவடிக்கைக் குறிப்புகளை இன்று ஆய்வாளர்கள் மட்டுமே புரட்டுகிறார்கள். கிங்ஸ்லி ஹாலின் மாடி அறை நிற்கிறது. நடுவில் சிதிலமாகிப் போன அந்தக் கட்டடம், ‘காந்தி’ படத்துக்குப் பிறகு நிதி திரட்டிச் சீராக்கப்பட்டு 1985-இல் மீண்டும் திறந்தது.

தமிழ்நாட்டிலிருந்து போனவர்களையும் சொல்லியாக வேண்டும். 1930 நவம்பரில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியாக வந்தவர் செங்கல்பட்டுச் சீமையின் இரட்டைமலை சீனிவாசன். எழுபதை எட்டிய வயது. 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவர். மாநாட்டு மண்டபத்தில் பேசியதோடு அவர் நிற்கவில்லை. விருந்தினராக அழைக்கப்பட்ட இடத்தில் அரசரிடம் பேச வாய்த்தபோது, தீண்டாமை என்றால் என்ன, அது ஒரு மனிதனை என்ன செய்கிறது என்பதை நேரிலேயே விளக்கினார். இதைத் தன் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ நூலில் பதிந்திருக்கிறார். பிரதிநிதிகளுக்கு உபசாரமாக ஏற்பாடான ஒரு பொழுதை அவர் தம் மக்களின் வழக்காக மாற்றினார்.

இந்த இரண்டு முன்னுதாரணங்களையும் வைத்துக்கொண்டு இன்றைய மாநாட்டுப் பயணத்தைப் பார்த்தால் மனம் கனக்கிறது.

இப்போதெல்லாம் ஒருவர் லண்டனுக்கு வந்து, லண்டனைத் தொடாமலே திரும்பலாம். எக்ஸெலைச் சுற்றி வரிசையாக ஓட்டல்கள். துறைமுக நீரைத் தாண்டினால் 1987-இல் திறந்த சிட்டி விமான நிலையம். அரங்குக்குள்ளேயே சாப்பாடு, காப்பி, பணமாற்று. வெளியே போவதென்றால் சொகுசுப் பேருந்து வரும், வழிகாட்டி வருவார், படம் எடுக்க இறக்கிவிடுவார். தரையில் கால் படும் நேரம் மிகச் சொற்பம்.

இப்படி வருகிறவர்கள் யார்? மருத்துவர்கள், பேராசிரியர்கள், பொறியாளர்கள், தொழில்முனைவோர், நகரத் திட்டங்களில் பங்கெடுப்பவர்கள். பலருடைய பயணச் செலவில் பொதுப்பணமோ கல்லூரிப் பணமோ கலந்திருக்கிறது. ஊர் திரும்பியதும் இவர்கள் சொல்வதற்கு ஊரார் காது கொடுக்கிறார்கள். ‘லண்டன்ல பழைய ஹார்பரை எப்படி மாத்தியிருக்காங்க தெரியுமா!’ என்று இவர்கள் சொல்லும்போது கண்ணில் நிற்பது கண்ணாடிக் கட்டடங்களும் கரையோர நடைபாதையும் தலைக்கு மேலே ஊரும் கேபிள் காரும். எக்ஸெல் அமைந்திருக்கும் அதே நியூஹாம் பகுதிதான் இங்கிலாந்திலேயே தற்காலிகக் குடியிருப்புகளில் மிக அதிகமான குடும்பங்கள் காத்துக் கிடக்கும் பகுதிகளில் ஒன்று. புதிய அடுக்ககங்களின் வாடகையைக் கொடுக்க முடியாமல் பழைய குடும்பங்கள் எங்கெங்கோ போகின்றன. இது கேபிள் காரிலிருந்து தெரியாது. பேருந்தில் ஏறிப் பக்கத்து இருக்கைக்காரரோடு பேச்சுக் கொடுத்தால் தெரியும்.

கூவம் கரையிலிருந்தும் அடையாற்றுக் கரையிலிருந்தும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களின் பிரச்சினை நமக்குத் தெரியாததல்ல. வேலைக்கும் பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே விழுந்த தூரத்தை அவர்கள் இன்னும் பஸ் ஏறிக் கடந்துகொண்டிருக்கிறார்கள். நதிக்கரையை அழகாக்குவது எப்படி என்று தெரிந்துகொண்டு வருகிறவர், அழகான பிறகு கரையில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு வர வேண்டாமா? மாநாட்டு அமர்வில் அந்தக் கேள்வி வருவது அபூர்வம். ஓய்வு நேரத்தில் மட்டுமே அதற்கு விடை தேட முடியும். அந்த நேரமும் மெழுகுச் சிலைகளுக்குப் போய்விட்டால் நகரம் பாதியாகத்தான் ஊருக்கு வந்து சேரும். அந்தப் பாதியை வைத்துத் திட்டம் போடும்போது அடிபடுவது ஏழைகள்.

வாழ்நாளில் ஒரே தடவை லண்டன் வருகிறவர் பிக் பென்னைப் பார்க்காமல் போக முடியுமா, வீட்டுப் பிள்ளைகள் படம் கேட்பார்களே என்பவர்களின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. பார்க்கட்டும். பிக் பென் இரவில் விளக்கொளியிலும் தெரியும். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமைகளில் இரவு எட்டரை வரை திறந்திருக்கிறது, கட்டணமும் இல்லை. சென்னை வழியாகக் கப்பலேறிய அமராவதிச் சிற்பங்கள் அங்கே தனிக் கூடத்தில் இருக்கின்றன. அதே தூபியின் மற்றப் பகுதி நம் எழும்பூர் அருங்காட்சியகத்தில். பகல் வெளிச்சத்தை மட்டும் கிழக்குக்கு ஒதுக்குங்கள் என்பதே வேண்டுகோள்.

கேனிங் டவுனிலிருந்து ஜூபிலி பாதையில் ஒரு நிறுத்தம் போனால் வெஸ்ட் ஹாம். அந்தச் சந்திப்பில் டிஸ்ட்ரிக்ட் பாதைக்கு மாறி, மேற்கே ஒரே நிறுத்தம் போனால் பிராம்லி-பை-போ. காந்தி இருந்த பாவிஸ் ரோடு அங்கிருந்து நடை தூரம். கிழக்கே மூன்று நிறுத்தம் போனால் ஈஸ்ட் ஹாம்.

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தைத் தோசைக்காகத் தெரிந்து வைத்திருப்பவர்கள் உண்டு. சாப்பிட்டதும் அடுத்த ரயிலில் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் நடக்கலாம். தமிழில் எழுதிய கடைப் பலகைகள், வாசலில் அடுக்கிய முருங்கைக்காய், வாழைப்பூ, அரிசி மூட்டை, கொத்து ரொட்டி தட்டும் சத்தம், மழையில் நனைந்த நடைபாதை. கல்லாவில் இருப்பவர் யாழ்ப்பாணத்தவராக இருந்தால், ‘வாங்கோ, ஊரிலயிருந்து எப்ப வந்தனீங்கள்?’ என்று கேட்பார். ‘சென்னையிலிருந்து அண்ணா, மாநாட்டுக்கு’ என்று பதில் சொன்னால் பேச்சு தானே வளரும். இலங்கையின் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள், பெட்ரோல் நிலையத்திலும் கடைகளிலும் இரவு முறையில் நின்று, தம்பி தங்கைகளை வரவழைத்து, பிள்ளைகளை டாக்டராக்கியவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழைத் தம் முதன்மை மொழியாகப் பதிந்தவர்கள் ஒரு லட்சத்தை எட்டினார்கள். பிரவுனிங் ரோட்டில் முருகன் கோயில் கோபுரம், செங்கல் வீட்டு வரிசைகளுக்கு நடுவே எழுந்து நிற்கிறது. வீட்டுக் கடன், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி, ஊரில் இருக்கும் அம்மாவின் மருத்துவச் செலவு என்று கோயில் வாசலில் காதில் விழும் பேச்சு, லண்டன் வாழ்க்கை என்றால் என்ன என்பதை எந்த அமர்வையும்விடத் தெளிவாகச் சொல்லிவிடும்.

அவர்களுக்கும் முன்னால் வந்தவர்கள் இருக்கிறார்கள். கம்பெனிக் கப்பல்களிலும் பிறகு நீராவிக் கப்பல்களிலும் கூலிக்கு வந்த இந்திய மாலுமிகள், லஸ்கர்கள், திரும்பும் கப்பல் கிடைக்காமல் இந்தத் தெருக்களில் குளிரில் செத்தார்கள். அந்த அவலம் பொறுக்காமல் 1857-இல் லைம்ஹவுஸில் அவர்களுக்கு ஒரு விடுதி திறந்தார்கள். துரைமார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நம் துறைமுகங்களிலிருந்து கப்பலேறி வந்த ஆயாக்களில் சிலர், லண்டன் வந்ததும் திரும்பும் செலவுகூடத் தரப்படாமல் நடுத்தெருவில் விடப்பட்டார்கள். அவர்கள் தங்கிய இல்லம் ஹாக்னியில் கிங் எட்வர்ட்ஸ் ரோடு 26-ஆம் எண். 2022-இல்தான் அந்த வீட்டுச் சுவரில் நீலப் பலகை வைத்தார்கள். வேறு யாரோ பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டிய பெண்களுக்கு அந்தப் பலகை ஒன்றுதான் விலாசம். அதன் முன் ஐந்து நிமிடம் நிற்க ஒரு தமிழருக்கு நேரம் இல்லை என்றால் அந்தப் பயணத்தில் ஏதோ கோணல் இருக்கிறது.

வெஸ்ட் இந்தியா கீ நிலையத்தை ஒட்டிய டாக்லாண்ட்ஸ் அருங்காட்சியகத்தையும் மறக்க வேண்டாம். பழைய சர்க்கரைக் கிடங்கிலேயே அமைந்திருக்கிறது, கட்டணம் இல்லை. சர்க்கரையும் அடிமை வியாபாரமும் லண்டனை எப்படி வளர்த்தன என்பதை மறைக்காமல் காட்டும் கூடம் 2007 முதல் அங்கே இருக்கிறது.

மாநாடு நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் ஊரிலும் இதே நிலைதான். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு வரும் வெளிநாட்டுப் பிரதிநிதியை மாமல்லபுரத்துக்கும் பட்டுக் கடைக்கும் வேனில் ஏற்றி அனுப்புகிறோம். கூப்பிடு தூரத்தில் இருக்கும் பரங்கிமலையைக்கூடக் காட்டுவதில்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் விடியலில் எப்படி இயங்குகிறது, சௌகார்பேட்டைச் சந்தில் எப்படிச் சுமை ஏறுகிறது என்று அவர்கள் பார்க்க வழியில்லை. நிகழ்ச்சி நிரலில் ‘நகர்ச் சுற்றுலா’ என்று ஒரு வரி போடும் இடத்தில், இரண்டு மணி நேரம் உள்ளூர்வாசி ஒருவரோடு நடக்கும் ஏற்பாட்டைச் செய்யலாம். செலவு குறைவு. லண்டன் தமிழ்ச் சங்கங்களும் கோயில்களும் இதைக் கையிலெடுத்தால், மாநாட்டுக்கு வரும் நம்மவர்களை ஒரு பிற்பகல் கிழக்கு லண்டனில் நடத்திக் காட்ட அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை.

அடுத்த முறை போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். லண்டன் பேருந்தில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். வங்கி அட்டையைத் தட்டினால் போதும், ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் ஒரே கட்டணம்தான். நவம்பரில் போனால் கனத்த கோட்டும் தண்ணீர் புகாத காலணியும் கட்டாயம். கிங்ஸ்லி ஹால் இன்றும் அந்தப் பகுதி மக்கள் பயன்படுத்தும் சமூகக் கூடமாகவே இயங்குகிறது. காந்தி தங்கிய மாடி அறையைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே கூடத்தை நடத்துகிறவர்களுக்கு எழுதி, நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும்.